மலைத் தோட்டத்துக்குப் பழைய ஜீப்: வாங்குமுன் அடியில் படுத்துப் பாருங்கள்

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை வட்டாரங்களிலும், கொல்லிமலை, சிறுமலை, போடி மலைப் பகுதிகளிலும் இரண்டு மூன்று ஏக்கர் காப்பி, மிளகு, மலை வாழை வைத்திருக்கும் சிறு விவசாயிகளுக்கு விளைச்சலைக் காட்டிலும் பெரிய கவலை ஒன்று உண்டு. விளைந்ததைத் தார் ரோடு வரை கொண்டு வந்து சேர்ப்பதுதான் அது. தலைச்சுமைக்கு ஆள் கிடைப்பது அருகி விட்டது. சிறுமலை போன்ற இடங்களில் குதிரை முதுகில் சுமை இறக்கும் வழக்கம் இருந்தாலும், குதிரை வைத்திருப்பவர் நாம் கூப்பிடும் நாளில் வர வேண்டுமே! வாழைத்தார் வெட்டி இரண்டு நாள் கிடந்தால் காய் கன்றி விடும். சந்தையில் வியாபாரி அதைத் தொட்டுப் பார்த்து விலையைப் பாதியாக்குவார்.

இந்நிலையில் "ஒரு பழைய ஜீப்பை வாங்கிப் போட்டு விடலாம்" என்ற எண்ணம் பலருக்கும் வருவது இயற்கை. நல்ல எண்ணந்தான். ஆனால் பழைய ஜீப் வாங்குவது பழைய மாடு வாங்குவது போன்றது. பல்லைப் பிடித்துப் பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் சந்தையில் வேலை.

முதலில் கணக்கு

ஜீப் வேண்டுமா என்பதை ஜீப்பைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்து கொள்ள வேண்டும். பார்த்த பிறகு மனம் கணக்குக் கேட்காது.

கணக்குக்காக இப்படி வைத்துக் கொள்வோம். தோட்டத்திலிருந்து தார் ரோட்டுக்கு வாடகை ஜீப் ஒரு நடைக்கு 1000 ரூபாய். ஆண்டுக்கு 40 நடை. வாடகை 40,000 ரூபாய் ஆகிறது. சொந்தமாக 3 லட்சத்துக்கு ஒரு பழைய ஜீப் வாங்கினால், அந்தப் பணத்துக்கு 7 சதவீத வட்டி 21,000 ரூபாய். இன்ஷூரன்ஸ், டயர், ரிப்பேர் எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய். நடைக்கு 300 ரூபாய் வீதம் டீசல் 12,000 ரூபாய். மொத்தம் 63,000 ரூபாய். அதாவது வாடகைக்கு எடுப்பதைவிட 23,000 ரூபாய் கூடுதலாகச் செலவாகிறது. இதே கணக்கில் ஆண்டுக்கு 73 நடை ஓடினால்தான் இரண்டும் சமம். அதற்கு மேல் ஓடுவதுதான் லாபம். ஓட்டுவதற்குக் கூலி ஆள் வைத்தால் இந்த எண்ணிக்கை இன்னும் ஏறும். அவரவர் ஊர் வாடகையையும் டீசல் செலவையும் போட்டுப் பார்த்துக் கொள்வது நல்லது. எண்கள் மாறலாம், கணக்குப் போடும் முறை மாறாது.

அடுத்தடுத்த தோட்டக்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து வாங்கினால் நடை எண்ணிக்கை எளிதில் 75, 90 என்று வந்து விடும். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆர்.சி. புத்தகம் ஒருவர் பெயரில்தான் இருக்கும். யார் எவ்வளவு போட்டார்கள், ரிப்பேர் வந்தால் யார் எவ்வளவு தருவது, ஒருவர் விலகினால் என்ன கொடுப்பது என்பதை முத்திரைத் தாளில் எழுதிக் கொள்ள வேண்டும். அண்ணன் தம்பியாக இருந்தாலும் எழுதிக் கொள்ள வேண்டும். அண்ணன் தம்பியாக இருந்தால் கட்டாயம் எழுதிக் கொள்ள வேண்டும்.

சமவெளியில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு நான்கு சக்கர இழுவை பெரும்பாலும் வீண் செலவே. கரிசல் காட்டில் மழைக்குப் பின் இறங்க வேண்டுமானால் டிராக்டரும் டிரெய்லரும் ஜீப்பைவிட நன்றாக வேலை செய்யும். உழவுக்கும் ஆகும். டிராக்டர், பவர் டில்லருக்கு அரசு மானியத் திட்டம் உண்டு; ஜீப்புக்கு அது கிடையாது.

நான்கு சக்கர இழுவை என்பது என்ன?

சாதாரண ஜீப்பில் எஞ்சினின் சக்தி கியர் பாக்ஸ் வழியாகப் பின் சக்கரங்களுக்கு மட்டும் போகிறது. நான்கு சக்கர இழுவை உள்ள ஜீப்பில் கியர் பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்பர் கேஸ் என்ற இன்னொரு பெட்டி இருக்கும். அது சக்தியைப் பிரித்து முன் சக்கரங்களுக்கும் அனுப்புகிறது. பழைய மகீந்திரா ஜீப்புகளில் இதற்கென்று பெரிய கியர் கம்பியின் பக்கத்தில் இரண்டு சின்னக் கம்பிகள் இருப்பதைப் பார்க்கலாம். ஒன்று முன் சக்கரங்களைச் சேர்க்க, விலக்க. இன்னொன்று 'ஹை', 'லோ' மாற்ற. லோவில் போட்டால் சக்கரத்தின் வேகம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறையும். இழுவை அதே அளவு கூடும்.

பலரும் ஏற்றத்துக்குத்தான் லோ என்று நினைக்கிறார்கள். மலைத் தோட்டக்காரனுக்கு அதன் அருமை இறக்கத்தில்தான் தெரியும். எட்டுப் பத்து மூட்டையுடன் ஈர மண்ணில் இறங்கும்போது, எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்திக் கொண்டு மெல்ல இறக்கும். பிரேக்கை மிதித்துக் கொண்டே வந்தால் சக்கரம் பூட்டிக் கொண்டு வண்டி சறுக்கும், அல்லது டிரம் சூடேறி பிரேக் பிடிக்காமல் போகும்.

காய்ந்த தார் ரோட்டில் நான்கு சக்கர இழுவையைப் போட்டு ஓட்டக் கூடாது. வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிசெய்து கொள்ளும்; தாரில் வழுக்க வழியில்லை. கியர்களும் ஜாயின்டுகளும் முறுக்கேறித் தேய்ந்து போகும். நான்கு டயரும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். முன்னால் மொட்டை டயரும் பின்னால் புது டயரும் போட்ட வண்டியைக் கண்டால், ஓட்டியவருக்கு இது தெரியாது, டிரான்ஸ்பர் கேஸும் அடி வாங்கியிருக்கும் என்று சந்தேகப்படலாம்.

சந்தையில் என்ன கிடைக்கிறது?

1940களின் இறுதியில் பம்பாயில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பைக் கோக்கத் தொடங்கிய மகீந்திரா நிறுவனம்தான் நம் மலைகளுக்கு ஜீப்பைக் கொண்டு வந்தது. அதன் பெட்ரோல் ஜீப்புகள் பலவற்றில் பிற்காலத்தில் டீசல் எஞ்சின் மாற்றி விட்டார்கள். அடுத்து வந்த டீசல் ஜீப்புகளில் ஒரு வகைக்கு, நம் விவசாயிகளுக்கு நன்கு பழக்கமான இன்டர்நேஷனல் பி-275 டிராக்டர் எஞ்சினின் வழியில் வந்த எஞ்சின் இருந்தது. வேகம் இல்லை, சத்தம் அதிகம், ஆனால் கிராமத்து மெக்கானிக்குக்குக் கைவந்தது. எம்.எம்.540 போன்ற வண்டிகளில் பியூஜோ வகை டீசல் எஞ்சின் வந்தது. 2010ல் தார் வந்தது. 2020ல் புதிய தார் வந்தது. இவை விலை கூடியவை. புதிய வகைகளில் எலெக்ட்ரானிக் சாமான்களும் அதிகம். மலையில் நின்று விட்டால் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பட்டறைக்குத்தான் கட்டி இழுத்துப் போக வேண்டும்.

மாருதி ஜிப்ஸி 1985ல் வந்தது. எடை குறைவு என்பதால் சேற்றில் நன்றாகப் போகும். பெட்ரோல் வண்டி. 2019க்குப் பின் பொது விற்பனைக்கு வரவில்லை. சுமை ஏற்றும் வேலைக்கு மகீந்திராவே தோது.

தரகர் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. "அண்ணே, ஆர்மி வண்டி, ஒரிஜினல் வில்லிஸ்" என்று ஆரம்பித்தால் இரண்டடி தள்ளி நின்று கேட்பது நல்லது. அரியானா மாநிலத்தின் மண்டி டப்வாலி போன்ற ஊர்களில் ஜீப்புகளைப் புதுப்பித்துக் கட்டும் பட்டறைகள் ஏராளம். பளபளப்பாக இருக்கும். சேஸிஸ் ஒரு வண்டியுடையது, எஞ்சின் இன்னொன்றுடையது, ஆர்.சி. மூன்றாவதுடையது என்று இருந்தால், ரோட்டில் பிடிபடுகிறவர் வாங்கியவர்தான்.

அடியில் படுத்துப் பார்ப்பது

வண்டி பார்க்கக் காலையிலேயே போக வேண்டும். போனதும் பானட்டின் மேல் கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், விற்பவர் முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். டீசல் வண்டியின் உடம்பு குளிர்ந்த எஞ்சினில்தான் தெரியும். அன்று பார்க்காமல் இன்னொரு நாள் போவதில் தவறில்லை.

முதலில் ஒரு சாக்கை விரித்து அடியில் படுத்து விட வேண்டும். பெயிண்ட், சீட், ஹாரன் எல்லாம் பிறகு. முன் ஆக்ஸிலின் நடுவிலோ சற்று ஓரமாகவோ சட்டி கவிழ்த்தது போல உருண்ட பாகம் இருக்கிறதா? பட்டறைக்காரர்கள் 'கிரவுன்' என்பார்கள். அது இல்லாமல் வெறும் கம்பியாக ஆக்ஸில் இருந்தால், அது இரண்டு சக்கர இழுவை வண்டிதான். பக்கவாட்டில் என்ன எழுதி ஒட்டியிருந்தாலும் சரி. மகீந்திரா நிறுவனமே அப்படிப்பட்ட ஜீப்புகளையும் விற்றிருக்கிறது.

கிரவுன் இருந்தால் மட்டும் போதாது. அதிலிருந்து டிரான்ஸ்பர் கேஸுக்குப் போகும் முன் ஷாஃப்ட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டீசல் மிச்சம் பிடிப்பதாக நினைத்தோ, ஜாயின்ட் போனபோது மாற்றக் காசில்லாமலோ அதைக் கழற்றி எறிந்து விட்டு ஓட்டியவர்கள் நிறையப் பேர். சிலர் உள்ளே ஆக்ஸில் கம்பியையே உருவி விட்டிருப்பார்கள். வெளியே பார்த்தால் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. சமதரையில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் பெரிய கல் வைக்க வேண்டும். கைப்பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. எஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டு, முன் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும். மற்ற முன் சக்கரம் தரையில் இருக்கட்டும். இரண்டு சக்கர இழுவையில் வைத்துத் தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றினால் அது சுற்றும். இப்போது நான்கு சக்கர இழுவைக்கு மாற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். சக்கரத்தில் பூட்டும் ஹப் உள்ள வண்டியானால் அதையும் பூட்டிக் கொள்ள வேண்டும். சக்கரம் சிறிது ஆடி நின்று விட்டால் சரி. தொடர்ந்து சுற்றினால் உள்ளே எதுவோ இல்லை, அல்லது உடைந்திருக்கிறது. அடுத்த பக்கச் சக்கரத்துக்கும் இதையே செய்ய வேண்டும். நிற்பதற்கு முன் எவ்வளவு ஆடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கால் சுற்று ஆடினால் கியரும் ஜாயின்டும் நன்றாகத் தேய்ந்து விட்டன என்று பொருள்.

சக்கரம் தூக்கியிருக்கும்போதே மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்து விடலாம். ஆட்டம் இருந்தால் பேரிங்கோ கிங் பின்னோ போயிருக்கும். தார் ரோட்டில் வேகமெடுக்கும்போது ஸ்டீயரிங் பேய் பிடித்தது போல உதறுவது பெரும்பாலும் இதனால்தான். முன் சக்கரத்தின் உள்பக்கம் பந்து போன்ற இரும்பு உருண்டை இருக்கும். அதைச் சுற்றிக் கிரீஸும் எண்ணெயும் வழிந்து மண் அப்பியிருந்தால் அங்குள்ள சீல் போய் விட்டது. சீல் விலை பெரிதல்ல. சீல் போன வண்டியை எத்தனை நாள் எண்ணெய் இல்லாமல் ஓட்டினார்கள் என்பதுதான் கேள்வி.

அடுத்து சேஸிஸ். சின்னச் சுத்தியலால் இரு பக்கமும் தட்டிக் கொண்டே வர வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற இடம் சொத்தைப் பல் போல மந்தமாகக் கேட்கும். பின் பட்டைகள் சேஸிஸில் சேரும் இடத்தில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கதவும் மட்கார்டும் ஒட்டுப் போட்டால் பாதகமில்லை. சேஸிஸில் ஒட்டு இருந்தால் விலை கேட்காமலே திரும்பி விடலாம்.

இனி எஞ்சின். ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் கரும்புகை வந்து அடங்குவது இயல்பு. நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை குறையாவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறதோ, டீசல் சரியாக எரியவில்லையோ, இரண்டில் ஒன்று. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருமானால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஆயில் அளவுக் கம்பியில் ஆயில் பால் கலந்தது போல் இருந்தால், அதற்கு மேல் பார்க்க வேண்டியதில்லை.

ஓட்டிப் பார்ப்பதைச் சமவெளியில் செய்வதில் பயன் இல்லை. கூட ஒரு மெக்கானிக்கை அழைத்துக் கொண்டு, எந்த மலைக்கு வாங்குகிறோமோ அந்த மலையில் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். இறக்கத்தில் இரண்டாவது கியரில் விட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். கியர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்தால் அந்த வண்டி வேண்டாம். லோ கம்பியையும் அப்படியே சோதிக்க வேண்டும். சுமையுடன் கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது கியர் துள்ளினால் பிரேக்கைத் தவிர வேறு கதியில்லை. அந்த வயதான டிரம் பிரேக் பிடிக்குமா என்பது அப்போதுதான் தெரியும். மெக்கானிக்குக் கூலி கொடுத்து அழைத்துப் போவது நல்லது. கமிஷனுக்கு வருகிறவர் விற்பவர் பக்கம் சாய்ந்து விடுவார்.

காகிதம்

வண்டியைப் பார்க்க அரை நாள் என்றால் காகிதத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும். சேஸிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் வண்டியிலேயே தேடிப் பிடித்து, மேலே வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யுடன் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். ஆர்.சி.யில் பெட்ரோல் என்றிருந்து வண்டியில் டீசல் எஞ்சின் இருந்தால், மாற்றம் முறையாகப் பதிவாகவில்லை. உற்பத்தி நிறுவனம் குறித்த அமைப்பை இஷ்டப்படி மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் கூறியிருக்கிறது. மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைக் கொடுத்தால் வரி, இன்ஷூரன்ஸ், பதிவு எது வரை என்பது தெரியும். வீட்டுப் பிள்ளைகளிடம் செல்போனைக் கொடுத்தால் பார்த்துச் சொல்வார்கள். கட்டாத அபராதம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகள். அதன் பின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக ஏறியது. 20 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கப்பட்டது. பசுமை வரி தனி. புதுப்பிக்காமல் கிடக்கும் வண்டியை "நீங்களே போய்ப் புதுப்பித்துக் கொள்ளுங்கள்" என்று குறைந்த விலைக்குத் தள்ளுவார்கள். புதுப்பித்துக் கொடுத்தால் வாங்கிக் கொள்வதாகச் சொல்ல வேண்டும்.

போலீஸ், வனத்துறை போன்ற அரசு இலாகா ஜீப்புகளை ஏலத்தில் எடுத்து ஓட்டிய காலம் இருந்தது. 2023 ஏப்ரல் முதல் அரசு வண்டிகளின் பதிவு 15 ஆண்டுடன் முடிந்து விடுகிறது; அவை உடைப்புக்கே போக வேண்டும். அத்தகைய வண்டி என்று யாராவது கொண்டு வந்தால் வயதைக் கணக்குப் பார்க்க வேண்டும்.

எல்லை மாவட்டத்தில் இருப்பவர்கள் கேரளப் பதிவு வண்டி மலிவு என்று வாங்குகிறார்கள். அந்த மாநிலத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் இங்கே பதிவு மாற்ற முடியாது. இங்கே வரியும் கட்ட வேண்டும். இரண்டையும் கூட்டினால் மலிவு மறைந்து போவதுண்டு. ஆர்.சி.யில் பாங்குக் கடன் குறிப்பு இருந்தால் பாங்கின் சான்றும் 35ஆம் படிவமும் வாங்கி, கடனை ரத்து செய்த பிறகே முழுப் பணம் தர வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30ஆம் படிவங்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விற்பவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்பது 2018ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து விட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

இன்ஷூரன்ஸ் விஷயத்தைப் பலரும் அலட்சியம் செய்கிறார்கள். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் இருந்தால், ரோட்டில் அடிபட்டவருக்குக் கிடைக்கும். பொதுவாக வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கிடைக்காது. களை எடுக்க, பழம் பறிக்க ஆள் ஏற்றிப் போகிறவர்கள் அதற்குரிய கூடுதல் பிரிமியத்தைக் கட்ட வேண்டும். பத்துப் பேர் தொங்கிக் கொண்டு போவது மலையில் அன்றாடக் காட்சி. ஆர்.சி.யில் எழுதியிருக்கும் எண்ணிக்கைக்கு மேல் ஒருவரை ஏற்றினாலும் தகராறுக்கு இடமுண்டு. வெள்ளைப் பலகை வண்டியில் காசு வாங்கிக் கொண்டு பக்கத்துத் தோட்டத்து ஆளையோ சரக்கையோ ஏற்றினால், விபத்து நடந்த அன்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும், அல்லது பணத்தைக் கட்டி விட்டு வண்டிக்காரனிடம் வசூலிக்க வரும். இரண்டு ஏக்கர் தோட்டம் அந்த ஒரு வழக்கில் போய் விடும். வாடகை ஓட்டிக் கடனை அடைக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் அதற்குரிய பெர்மிட்டுடன் உள்ள மஞ்சள் பலகை வண்டியைத்தான் தேட வேண்டும்.

வாங்கி வந்த பின்

முதல் வாரத்தில் சுமை ஏற்றக் கூடாது. கியர் பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ், முன் கிரவுன், பின் கிரவுன் நான்கிலும் பழைய ஆயிலை வடித்து விட்டுப் புதிது ஊற்ற வேண்டும். பழைய மகீந்திரா ஜீப்புகளுக்குப் பொதுவாக 90 நம்பர் கியர் ஆயில் போதும். வடிக்கும் ஆயிலை ஒரு தட்டில் பிடித்துப் பார்க்க வேண்டும். மினுமினுவென்று பொடி இருந்தால் சாதாரணத் தேய்மானம். விரலில் நெருடும் இரும்புச் சில் இருந்தால் திறந்து பார்த்து விடுவது நல்லது. முன் இழுவை ஆண்டில் பத்து மாதம் வேலை இல்லாமல் இருக்கும். மாதம் ஒரு தடவை மண் பாதையில் அதைப் போட்டு அரைக் கிலோமீட்டர் ஓட்டினால் கியர்களுக்கு ஆயில் ஏறும். கம்பியும் துருப் பிடித்து இறுகாது. பிரேக் லைனிங்கை மாற்றுவதானால் ஒரே ஆக்ஸிலின் இரு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிதும் ஒரு பக்கம் பழசுமாக இருந்தால், பிரேக் போட்டதும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். மலை ரோட்டில் அந்தப் பக்கம் பள்ளமாகவும் இருக்கலாம்.